ஜனவரி வரைக்கும் பொறு என்றேன்

மச்சான்,

இன்று காலை குளிருக்கு உன் ஜெர்சியைத்தான் போட்டுக்கொண்டு ரோட்டு வளைவுக்குப் போனேன். எத்தனை தடவை துவைத்தாலும் கழுத்துப் பக்கம் தேயிலைத் தூள் வாசம் போகவில்லை. ஸ்டோரில் கொழுந்து உருட்டுகிற அறையில் எட்டு வருஷம் நின்றவனின் சட்டை, வேறு எந்த வாசம் வரும்? முதுகில் எட்டாம் நம்பர் இருக்கிறது, அதற்கு மேல் ஆட்டக்காரன் பெயரும் இருக்கிறது. ஓரம் மட்டும் கொஞ்சம் சுருண்டிருக்கிறது.

அந்தச் சட்டை வாங்கிய கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். பெல்மதுளை நடைபாதையில் ஆளுக்கொன்று வாங்கினோம், இரண்டிலும் ஒரே பெயர். அடுத்த நாள் காலை பார்த்தால் அந்த ஆளை இங்கிலாந்தில் நம் ஃபுட்பால் கிளப் விற்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டையைத் தரையில் போட்டு, பெயரை எழுத்து எழுத்தாக உரித்தேன். துணியும் சேர்ந்து போனது. நீ உரிக்கவில்லை. "போனவன் பேரையும் வச்சுக்குவோம்டா, நமக்காக ஓடுனவன்தானே" என்றாய். உனக்கு ரோஷமே கிடையாது என்று அன்று முழுக்கத் திட்டினேன்.

நம் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் பதினைந்தாம் நம்பர் மலைக்குக் கீழே இருக்கிற வளைவு. இங்கிலாந்தில் வீரர்களை வாங்கி விற்கிற கதவு, அதுதான் விண்டோ, வருஷத்தில் இரண்டு தடவை திறந்து மூடும். மூடுகிற கடைசி நாள் முடிந்த காலையில் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிற பொடியன்கள் எல்லாம் முதலில் அந்த வளைவில்தான் நிற்பார்கள். நீ ராத்திரி முழுக்க ஸ்டோர் என்கிற தேயிலை ஃபாக்டரிக்குள் நிற்பாய், அங்கே போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் உனக்கு மட்டும் எதுவும் தெரியாது. வேலை முடிந்து தலையெல்லாம் தூளோடு ஏறி வருவாய். தூரத்திலிருந்தே கேட்பாய், "யாரு வந்தா, யாரு போனா?" நான் சொல்லுகிற வரைக்கும் போனை எடுத்துப் பார்க்கமாட்டாய். வாயால் கேட்டால்தான் உனக்குச் செய்தி.

நம் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். சட்டம் போட்டது நாம் இரண்டு பேரும். ஒருத்தன் நம் கிளப் தோற்கத் தோற்க, கப் எடுத்த கிளப்புக்குத் தாவினானே, அவனை ஒரேயடியாக வெளியே தள்ள வேண்டும் என்றேன் நான். நீதான் குறுக்கே வந்தாய். "அப்படிச் செய்யாத மச்சான். அடுத்த விண்டோவுல திரும்ப வரலாம்னு வை. மனுசனுக்கு ஒரு வழி இருக்கணும்ல." சரி, போனவனை நீக்கலாம், அடுத்த விண்டோ திறந்தால் திரும்பச் சேர்க்கலாம் என்று அப்படியே எழுதி வைத்தேன். அந்த வழியை உனக்கே அடைப்பேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

போன ஆகஸ்ட் விண்டோ மூடிய காலை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் நடுக்கள ஆட்டக்காரன் போய்விட்டான். ஒரு மாதமாகப் பேசி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு, நம்மிடம் மட்டும் கடைசி நாளில் சொல்லுகிறான் என்று வளைவில் நின்று கத்தினேன். நான் கத்தி முடிக்கிற வரை காத்திருந்தாய். பிறகு சொன்னாய், "நானும் போறேன் மச்சான். கொழும்புல இரும்புக் கடை ஒண்ணுல வேல கெடச்சிருக்கு."

ஸ்டோரில் வாரத்துக்கு மூன்று நாள் வேலைகூடக் கிடைக்காத காலம். உன் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருஷம். எல்லாம் எனக்குத் தெரியும். நானும் அதே ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில்தானே நின்றேன். ஆனால் நீயும் ஒரு மாதமாகப் பேசி முடித்துவிட்டு எனக்குக் கடைசியில்தான் சொல்லுகிறாய் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஏறியது. உன் போட்டோ ஒன்றை எடுத்து, கிளப் அறிவிப்பு மாதிரி எழுதி குரூப்பில் போட்டேன். 'இலவசமாக விடுவிக்கப்பட்டார். நன்றி கிடையாது.' எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரிக்கிற முகம் ஒன்று போட்டாய். அதற்குப் பிறகுதான் உன்னைக் குரூப்பிலிருந்து நீக்கினேன்.

நீ முதல் பஸ்ஸுக்குப் போகும்போது என் வீட்டு வாசலுக்கு வந்தாய். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரி கையில் ஜெர்சியைக் கொடுத்து, அங்கே இதைப் போட்டுக்கொண்டு யாரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன், இது இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னாயாம். அவள் என்னை அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அக்டோபரில் உன் மெசேஜ் வந்தது. "மச்சான், விண்டோ எப்ப தொறக்கும்?"

"ஜனவரி ஒண்ணு. அது வரைக்கும் பொறு" என்று பதில் போட்டேன்.

"சரி. எனக்காக சட்டத்த மாத்தாத. இங்க பேசுறதுக்கு ஆளில்ல, அதான் கேட்டேன்."

கொழுந்து லொறி ஓட்டுகிற நம் சிங்கள நண்பரிடம் இதைப் பெருமையாகக் காட்டினேன். அவர் எதிரிக் கிளப் ஆள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பவ் மச்சங்" என்றார். பாவம் என்று அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய். டிவியில் ஒவ்வொரு கோலுக்கும் என் தலை நீ உட்காருகிற பக்கம்தான் திரும்பியது, அங்கே சுவர்தான் இருந்தது. நீ இன்னொரு தடவை கேட்டால் சேர்த்துவிடலாம் என்று இருந்தேன். நீ கேட்கவில்லை. சட்டத்தை மதிக்கிறவன் நீ.

நவம்பரில் உனக்குக் காய்ச்சல் என்று உன் வீட்டுக்காரி, தங்கச்சி, அழுதுகொண்டு வந்தாள். டெங்கு. நானும் அவளும் ஓப்பநாயக்கவில் பஸ் ஏறி பெல்மதுளை தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய் என்று உன் கடைக்காரரிடமிருந்து போன் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கொழும்பு வரை அந்த பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பெட்டிக்குள் ஜெர்சியை வைக்கலாமே என்று பொடியன்கள் கேட்டார்கள். கொடுக்கமாட்டேன் என்றேன். அப்போதும் எனக்கு என்னைப் பற்றித்தான் நினைப்பு.

ஜனவரி ஒன்றாம் தேதி, பெரட்டுக்கு முன்னால் தனியாக வளைவுக்கு ஏறினேன். சட்டப்படி விண்டோ திறந்திருந்தது. உன் நம்பரைத் திரும்பச் சேர்த்தேன், அந்தச் சட்டத்தையும் குரூப்பிலிருந்து அழித்தேன். லொறிக்காரர் லிங்க் வழியாக எப்போது குரூப்புக்குள் வந்தாரோ, கும்பிடுகிற கை ஒன்று போட்டிருந்தார். உன் போன் எங்கோ அணைந்து கிடக்கும் என்றுதான் நினைத்தேன்.

இன்று விண்டோ மூடிய காலை. இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், ஒருத்தன் போய்விட்டான். பொடியன்கள் வழக்கம்போல வந்தவர்களுக்குக் குதித்தார்கள், போனவனைத் திட்டித் தீர்த்தார்கள். நான் ஓரமாக நின்றேன். அப்போது போனில் உன் பெயர் வந்தது மச்சான்.

"யாரு வந்தா, யாரு போனா?"

அப்படியே வளைவோர மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொன்று வந்தது. "அண்ணே, நான்தான். பாப்பா கேக்கச் சொல்லுது. அப்பா இன்னைக்கு இததானே மொதல்ல கேப்பாருன்னு."

தங்கச்சி உன் போனை அணைக்கவே இல்லை. லயத்து வீட்டில் சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்.

வந்த இரண்டு பேரின் பெயரையும் எழுதி அனுப்பினேன், பாப்பாவுக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொருத்தனும் எந்த இடத்தில் ஆடுவான் என்றும் எழுதினேன். பொடியன்கள் பெரட்டுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். உன் சட்டையோடு இன்னும் மதகிலேயே உட்கார்ந்திருக்கிறேன். போனவன் பெயரையும் எழுத வேண்டும், பாப்பா அங்கே காத்திருக்கும். எழுதப் போகிறேன், விரல் உன் பெயரைத்தான் எழுதுகிறது.