பாலக்கரை சின்னையன் கொலை குறித்து அவர் மனைவி எழுதிக்கொண்டது

அனுப்புநர்:
சி. பாக்கியமேரி,
காலஞ்சென்ற ஷின்ஜிரோ என்ற சின்னையனின் மனைவி,
பாலக்கரை, திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் துரையவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: என் கணவரை அடித்துக் கொன்றவர்கள் மீது வழக்குப் பதியவும், குற்றமற்ற ஜெகபர் அலியை விடுவிக்கவும் வேண்டி.

மகா கனம் பொருந்திய ஐயா,

1. என் கணவர் ஜப்பான் தேசத்தில் பிறந்தவர். 1893-ஆம் வருஷம், பத்தொன்பது வயதில், அவருடைய புத்த மடத்தார் அனுப்பி, சமஸ்கிருதம் படிக்க ஸ்ரீரங்கம் வந்தார். உத்தர வீதிப் பண்டிதர் ஒருவர் அவரை வீட்டுக்குள் விடாமல், கொல்லைத் தென்னையடியில் உட்காரவைத்துப் பாடம் சொன்னார். ஷின்ஜிரோ என்ற பெயர் வாயில் நுழையாமல் ஊரார் சின்னையன் என்றார்கள். படிப்பு முடிந்தும் அவர் திரும்பவில்லை. என்னை மணந்து, பாலக்கரையில் போட்டோ ஸ்டூடியோ வைத்தார்.

2. ஜப்பானோடு யுத்தம் மூண்டதும், மற்ற ஜப்பானியரைப் போல் முகாமில் அடைக்காமல், வயதை உத்தேசித்து சர்க்கார் அவரை வீட்டோடு இருக்க அனுமதித்தார்கள். ரங்கூனில் ஜப்பான் விமானங்களின் குண்டு விழுந்த செய்தி வந்த மறுநாள் மாலை, ஜவுளிக்கடை வரது என்பவர் தடிகள் ஏந்திய கூட்டத்துடன் வந்தார். அவருடைய அண்ணன் ரங்கூனில் வேலை பார்த்தவர். "வெளிய வாடா ஜப்பான்காரா!" என்று கத்தினார்கள். நான் தடுத்தேன். "தெரிஞ்ச புள்ளதான், பேசிட்டு வரேன்" என்று என் கணவர் போனார். "வரது, அண்ணனைப் பத்தித் தகவல் ஏதும் வந்துச்சா?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் முதல் அடி வாயில் விழுந்தது.

3. விழுந்தவரைத் தெருவில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். ஸ்டூடியோவிலிருந்து கேமரா ஸ்டாண்டைப் பிடுங்கி வந்து வரது அவர் தலையில் அடித்தார். இடது கண் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் "வழுக்கி விழுந்தார்" என்ற போலீஸ் அறிக்கையே நிலைத்துவிடும். தெருமுனையில் நின்ற கான்ஸ்டபிளின் காலைப் பிடித்தேன். "எதிரி நாட்டுக்காரனுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?" என்றார்.

4. பக்கத்துக் கறிக்கடை ஜெகபர் அலி ஒருவர்தான் ஓடிவந்து என் கணவர் மேல் குப்புற விழுந்து மறைத்தார். "யா அல்லா, வயசான மனுஷனை விட்டுடுங்கப்பா" என்று கெஞ்சியவர் முதுகிலும் தடி விழுந்தது. ஜெகபர் அலியின் கடைக்குள் ஓடிக் கறி வெட்டும் கத்தியை எடுத்தது நான். வரதுவின் வலக்கையை வெட்டியதும் நான். ரத்தத்தைக் கண்டதும் கூட்டம் கலைந்தது.

5. என் கணவர் மறுநாள் புத்தூர் ஆஸ்பத்திரியில் உயிர் விட்டார். கத்தி ஜெகபர் அலியுடையது என்பதால் அவரைக் கைது செய்திருக்கிறார்கள். வெட்டியது நான் என்று திரும்பத் திரும்பச் சொல்லியும், "கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று ஸ்டேஷனிலிருந்து விரட்டிவிட்டார்கள். ஜெகபர் அலியின் மனைவி ஷரபுன்னிசா பிள்ளைகளோடு தவிக்கிறாள். என்னைப் பார்த்து அவள் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணனைப் பறிகொடுத்துவிட்டோமோ என்ற துக்கம் வரதுவுக்கு இருக்கலாம். அதற்காக அவர் செய்தது கொலை இல்லை என்றாகாது. தாங்கள் அவர் மீதும் அவருடன் வந்தவர்கள் மீதும் கொலை வழக்குப் பதியவும், ஜெகபர் அலியை வீட்டுக்கு அனுப்பவும் உத்தரவிட வேண்டுகிறேன். வெட்டியதற்கான தண்டனையை ஏற்க நான் சித்தமாயிருக்கிறேன். என்னைக் கைது செய்ய எந்நேரமும் வரலாம். கதவை அந்தக் கூட்டத்தார் அன்றே உடைத்துவிட்டார்கள். தட்ட வேண்டிய அவசியமில்லை.

இடம்: திருச்சிராப்பள்ளி
தேதி: 2-1-1942

தங்கள் நீதியை எதிர்பார்த்திருக்கும்,
சி. பாக்கியமேரி