பால் கட்டிய முள்ளெலி

என் கனகா அண்ணிக்கு,

நம் வேலிக்கு அப்பால் இருந்த முள்காடு இப்போது இல்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கென்று எடுத்த நிலத்தைப் புல்டோசர் விட்டுச் சமப்படுத்திவிட்டார்கள். முயலும் உடும்பும் புதரை விட்டு ஓடின. முள்ளெலிகள் ஓடவில்லை. ஆபத்து என்றால் சுருண்டு உருண்டையாகிவிடுவதுதானே அவற்றுக்குத் தெரிந்த வழி? நாய்க்கும் நரிக்கும் அது போதும். அந்த இரும்புக்குப் போதவில்லை.

அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து உங்களோடு பேச வேண்டும் போலவே இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எனக்கு அப்போது பத்து வயது, உங்கள் மகன் செல்வத்துக்கு இரண்டு. கக்குவான் இருமல். இருமி இருமி முகம் நீலம் பாய்ந்துவிடும். பக்கத்து வீட்டு மங்கம்மா என் அம்மாவிடம், "முள்ளெலித் தோல சுட்டு தேன்ல கொழச்சிக் குடு. நின்னுடும்" என்றாள். அண்ணன் அன்று சாயங்காலமே பனையடிப் புதரிலிருந்து ஒன்றைப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார்.

குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நீங்கள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். சந்தடி அடங்கிய பிறகுதான் அது மெல்ல விரிந்தது. கூர்மூக்கு, காது, பிறகு முள்ளில்லாத வயிறு. அதில் பால் கட்டிய காம்புகள்.

"இது குட்டி போட்டுக்கீது. இத்த கொன்னா குட்டிங்க கண்ணு தொறக்காமயே செத்துடும். கொண்டுபோய் உட்டுட்டு வாங்க" என்றீர்கள் அண்ணனிடம்.

"உன் புள்ள பெருசா, எலி பெருசா?" என்று அம்மா கத்தினாள்.

"என் புள்ளதான் பெருசு அத்தே. அதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன்."

அண்ணன் அன்றிரவே அதைப் புதரில் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை ரயிலில் நானும் உங்களோடு பட்டணம் வந்தேன். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். சளி நெஞ்சை அடைத்துவிட்டது. செல்வம் உங்கள் மடியிலேயே அடங்கினான்.

"எலிய காப்பாத்தி புள்ளய வாரிக் குட்தவ" என்றது ஊர். அம்மா உங்களோடு பேசுவதையே நிறுத்தினாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் வேலியோரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். தாய் முன்னால், இரண்டு குட்டிகள் பின்னால், ஈரமண்ணைக் கிளறி வண்டு தின்றுகொண்டிருந்தன. "பாத்தியா வள்ளி, குட்டிங்களுக்குப் பொறக்கும்போது வெள்ளையா மெத்துனு இருந்த முள்ளு கெட்டியாயிடுச்சி" என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தில் இருந்தது நிம்மதியா, வேதனையா?

போன மாசியில் மங்கம்மாவின் பேரனுக்கும் கக்குவான் வந்தது, அண்ணி. புல்டோசரில் அடிபட்டுக் கிடந்த முள்ளெலியின் தோலைச் சுட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளையும் பிழைக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மங்கம்மா நம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"நான் சொன்னத செஞ்சிருந்தாலும் உங்க செல்வம் பொழச்சிருக்கமாட்டான். அந்தப் பொண்ண இன்னா பேச்சு பேசனோம்" என்றாள்.

அம்மா அன்று சாப்பிடவில்லை. நீங்கள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு வந்த இந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்?

எனக்கு இது ஆறாம் மாதம். பிறக்கிற பிள்ளைக்குக் கக்குவான் ஊசி தவறாமல் போடுவேன். ஊரில் யார் உங்கள் கதையை எடுத்தாலும், எலியோடு நிறுத்த விடமாட்டேன். நீங்கள் செல்வத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது, அவன் உங்கள் மடியில் கண்மூடியது, மங்கம்மா நம் வாசலில் வந்து சொன்னது வரைக்கும் உட்கார வைத்துச் சொல்வேன்.

உங்கள் நாத்தனார்,
வள்ளி