அன்டர்ஸ் பின்னால் வருகிறார்

9 செப்டெம்பர் 1995, சனி

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று போன கிழமை சொன்னேன். இன்று வீட்டுக்கார அம்மா லெனோர் தானே குறட்டோடு இறங்கி வந்தார். எழுபது வயது. இந்த வெக்ஸ்போர்ட் வீட்டில் மேலே அவர் தனி, பேஸ்மென்டில் நான் தனி. திருகி முடிந்ததும் கதிரையைத் துடைத்து இருத்தி, இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தேன். கோப்பையைப் பார்த்தார். "வேண்டாம், நன்றி" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்குத் தெரியாத பார்வையா அது? யாழ்ப்பாணத்தில், பாசையூரில் எங்கள் வீட்டுப் படியேறின பெரிய ஆட்கள் எல்லாரும் "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிக் கோப்பையைத் தொடாமல் போனவர்கள்தான். கடலில் பிடித்த மீன் வேண்டும், பிடித்தவன் வீட்டுத் தேத்தண்ணி வேண்டாம். இந்த வெள்ளைக்காரிக்கு ஆர் போய் என்ர சாதியைச் சொன்னது? கனடாவுக்கு வந்தும் உது விடாதாம்.

11 செப்டெம்பர்

வேலையில் பக்கத்தில் நின்று பெட்டி ஒட்டுகிற சந்திரவதனாவிடம் சொல்லிக் கொதித்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "கிளடிஸ் அக்கா, அவ மோர்மன் ஆள். அந்த வேதக்காரர் தேத்தண்ணி, கோப்பி ஒண்டும் குடிக்கமாட்டினம். உங்கட சாதி அவவுக்கு என்னெண்டு தெரியும்?"

வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் சந்திரவதனாவும் என் வீட்டில் ஒருநாளும் வாய் நனைத்ததில்லை. அவள் எந்த வேதம் என்று நான் கேட்கவில்லை.

24 செப்டெம்பர், ஞாயிறு

லெனோர் மேலே கூப்பிட்டுச் சூடாகப் பால் தந்தார். பிறகு தன் பூட்டியின், அதாவது அம்மாவின் அம்மம்மாவின் கதையைத் தொடங்கினார். பெயர் மாரென்.

"மாரனா? எங்கள் ஊரில் அது ஆம்பிளைப் பெயர்" என்றேன்.

"ஆம்பிளை மாதிரித்தான் வண்டி இழுத்தாள்" என்றார்.

டென்மார்க்கில் மோர்மனாக மாறி, ஊராரிடம் கல்லெறி வாங்கி, புருஷன் அன்டர்ஸோடு கப்பலேறினவளாம். 1857இல் அயோவாவிலிருந்து மோர்மன்களின் ஊரான சோல்ட் லேக் வரை கால்நடையாகவே போனார்களாம். மாடு பூட்டிய வண்டிக்கு வசதியில்லாதவர்கள் கைவண்டியில் சாமானைப் போட்டுத் தாங்களே இழுத்தார்கள். பாதி வழியில் அன்டர்ஸ் காய்ச்சலில் செத்துப்போனார். வழியோரமாகப் புதைத்துவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு மாரென் வண்டியைப் பிடித்தாள். போய்ச் சேர்ந்த பிறகு வேறொருவருக்கு மூன்றாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டாள். லெனோர் இந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தினார். வயதான காலத்தில் மாரென் மகளோடு அல்பேட்டாவுக்கு வந்து அங்கேயே முடிந்துபோனாள்.

லெனோரின் மகன்மார் கல்கரியில். அவர்களுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதாம். அதுதான் நான் அகப்பட்டேன். எனக்கும் போக வேறு வீடில்லை.

1 நவம்பர் 1995

ஆமி வருகுதெண்டு யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டு நடக்குதாம். தமிழ் வானொலியில் சொல்கிறார்கள். மழை. நாவற்குழிப் பாலத்தில் நகர இடமில்லாத சனம்.

என்ர மனிசன் யோசப் எங்கே? படுக்கையில் கிடக்கிற தாயை விட்டிட்டு வரமாட்டன் எண்டுதானே என்னை மட்டும் ஏத்தி அனுப்பினவர். "நீ முதல் போ, நான் பிறகு வாறன்." அந்தத் தாயை எதிலை ஏத்தினாரோ? அவரே தொய்வுக்காரன். மழைக்குள்ளை மூச்சு விட ஏலாது அந்த மனிசனாலை. ஐயோ, ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?

லெனோர் இறங்கி வந்து பக்கத்தில் இருந்தார். இன்று மாரெனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

9 டிசம்பர்

ஒரு தகவலும் இல்லை.

18 பெப்ரவரி 1996, ஞாயிறு

இன்று லெனோர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: பிரம்டனில் தங்கள் கோயில் இருக்கிறதாம். அங்கே செத்தவர்களின் பெயரில் உயிரோடிருக்கும் ஒருவர் தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் பெறுவாராம். மாரென், அன்டர்ஸ் இருவரின் முன்னோர் எல்லாருக்கும் அப்படிச் செய்துவிட்டார்களாம்.

"யோசப்பின் பெயரையும் தாருங்கள். அவர் அங்கே தனியாக இருக்கக்கூடாது."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தலைக்கேறியது. ஆர் செத்தது? ஆர் சொன்னது செத்தவர் எண்டு? "உங்கட ஆக்களைத் தோய்ச்சது காணும், என்ர மனிசனை விடுங்கோ!" என்று கத்திவிட்டு இறங்கி வந்தேன். தமிழில்தான் கத்தினேன். விளங்கியிருக்கும்.

பெயரைக் கொடுத்தால் நானே அவரைச் சாகக் கொடுத்தது மாதிரி அல்லவா?

25 பெப்ரவரி

மேலே நடக்கிற சத்தம் கேட்கிறது. நான் போகவில்லை.

10 மார்ச், ஞாயிறு

வாசலில் சவளால் ஸ்னோ தள்ளிக்கொண்டிருந்தேன். லெனோர் மற்றச் சவளை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் தள்ளினார். பாதி வாசல் வெளித்தது.

பிறகு சொன்னார்: "நான் கேட்டிருக்கக்கூடாது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்." மாரென் வாழ்நாளில் ஒருவருக்கும் அன்டர்ஸைப் புதைத்த இடத்தைச் சொல்லவில்லையாம். லெனோரின் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டதற்கு, மாரென் கிழவி, "அன்டர்ஸ் பின்னால் வருகிறார்" என்றாளாம். இன்னொருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவனையும் அடக்கம் செய்த பிறகும் அதே பேச்சாம். "எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்தேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாரெனை இன்றுதான் எனக்குப் பிடித்தது.

13 ஜூலை 1996, சனி

சீமோன் வந்தான். யோசப்போடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன். போன கிழமைதான் கனடா வந்து வோபர்னில் தமையனோடு இருக்கிறான். வாசலில் அவன் நின்ற நிலையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"தாயைச் சைக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டு வந்தவர் அக்கா. பாலம் தாண்டின கையோட மூச்சு முட்டு வந்திட்டுது. 'நீ அம்மாவைக் கொண்டு நட, நான் ஆறுதலா வாறன்' எண்டவர். விடியத் திரும்பிப் போய்ப் பாத்தன். மதிலோட சாஞ்சபடி இருந்தார். அங்கையே தாட்டம். குருசு வைக்கவும் ஒண்டும் கிடைக்கேல்லை."

தாயும் மார்கழியில் கிளிநொச்சியில் போய்விட்டாவாம். எழுத மனம் வரவில்லை, நேரே சொல்லத்தான் வந்தேன் என்றான். அவனுக்குச் சோறு போட்டேன். இரண்டாம் தரமும் போட்டேன். அவன் போன பிறகு மேலே ஏறிக் கதவைத் தட்டினேன். லெனோர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போய் இருத்தினார். யோசப்பின் பெயரை இந்த முறை கேட்கவில்லை.

2 நவம்பர் 1996, சனி

சகல ஆத்துமாக்கள் திருநாள், செத்தவர்களின் பெயர் வாசித்து மன்றாடுகிற நாள். தமிழ்ப் பூசைக்கு லெனோரும் வருகிறேன் என்றார். நீலத் தொப்பியும் போட்டுக்கொண்டார்.

பூசைக்கு முன் பாதரிடம் பெயர் கொடுத்தேன். யோசப் என்று சொன்னேன். இன்னொரு பெயரும் சொன்னேன்.

"அன்டர்ஸோ? உது ஆர்? பாசையூரிலை உப்பிடி ஒருத்தரும் இல்லையே."

"அவரும் நடந்து வந்தவர், பாதர்."

அவர் எழுதிக்கொண்டார். லெனோருக்கு எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பெயர் வாசிக்கும்போது பாதர் அன்டர்ஸை அந்திரேஸ் ஆக்கிவிட்டார். எங்கள் தெருவில் வலை பொத்துகிற யாரோ ஒருவர் மாதிரி இருந்தது. அடுத்தது யோசப். லெனோர் என் கையைப் பிடித்தார். இரண்டு பெயரும் அவருக்கு விளங்கிவிட்டன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்: "மாரெனுக்கு ஏன் கொடுக்கவில்லை?"

ஆங்கிலத்தில் தேடிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. தமிழிலேயே சொன்னேன்.

"அவ போய்ச் சேர்ந்திட்டா. வழியிலை நிண்டவைக்குத்தான் குடுத்தனான்."