அடுப்பு அணைச்சாச்சு

12-8-74, காலை

நைட் டியூட்டி முடிஞ்சு தூங்கறேள், எழுப்பலை. நான் ஸ்கூலுக்குக் கிளம்பறேன்.

சாதமும் ஹுளிக் குழம்பும் மேடையில மூடியிருக்கு. ஹுளியைச் சுட வெச்சா பக்கத்துலயே நில்லுங்கோ. கையில பேப்பர் வேண்டாம், ரேடியோவும் வேண்டாம். ஒரு நேரத்துக்கு ஒரு வேலை போதும். சாவி ஜன்னல் ஆணியில. எடுத்தா அங்கேயே மாட்டிடுங்கோ.

நாலு மணிக்கு என் தம்பி சேஷு வருவான், சுவர்க் கடிகாரத்தை தேவராஜ மொஹல்லா கடையில ரிப்பேருக்குக் குடுக்க.

போன மாசம் அவன் முன்னாலதான் கத்தினேன். ஸ்டேஷன்ல ரயிலை விடலாம்னு லைன் க்ளியர் சொல்ற மாதிரி, "அடுப்பு அணைச்சாச்சு", "கதவு பூட்டியாச்சு"ன்னு ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டுச் சொல்றேளே, இது வீடா ஸ்டேஷனான்னு கேட்டேன். அன்னிலேர்ந்து நீங்க சொல்றதில்லை. பால் பாத்திரம் மூணு தடவை கருகியாச்சு. சாவி ஒரு பகல் முழுக்க வாசக்கதவுலயே தொங்கித்து. எனக்குக் கோபமும் வரலை, அழுகையும் வரலை. பாத்திரத்தைத் தேய்ச்சுக் கவுத்தினேன்.

பழையபடி சொல்லுங்கோ. ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் திருப்பிச் சொல்லணும், அதான் ரயில்வே வழக்கம்னு சொல்வேளே. நான் திருப்பிச் சொல்றேன்.

விசாலாக்ஷி

விட்டுப்போனது: இப்போ ஸ்டவ்வைத் தொட்டு, "அடுப்பு அணைச்சாச்சு"ன்னு நானே சத்தமாச் சொல்லிப் பார்த்தேன். நீங்க முழிச்சிண்டுதான் இருந்தேள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துண்டுட்டேள்.