மருதாணிக் கையும் நண்டு ஷெட்டும்

ஐப்பசி 15, சனி

உறுதியானது: கட்டுமாவடி நண்டு ஷெட் திங்கள் காலை திறக்கிறது. சொன்னவர் சூப்பர்வைசர் பரிமளா, போனில். பத்திரிகையில் போடுகிற செய்தி, இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். ஜப்பான்காரர் ஒருவர் சாம்பிள் கேட்டிருக்கிறார். பிடித்துப்போனால் ஆர்டர் தொடரும்.

மூட்டம், மழை இல்லை. அறந்தாங்கியிலிருந்து பஸ். குடை மறந்தாயிற்று. வாங்க வேண்டியது: பேனா ரீபில், பிரஷர் மாத்திரை.

ஷெட் மூடியது ஆடியில். அமெரிக்காவில் வரி ஏறியது, இங்கே பூட்டு விழுந்தது. நடுவில் ஒருவரும் வந்து விளக்கம் சொல்லவில்லை.

வேலை, அவித்த நண்டின் சதையை விரலால் பிரித்தெடுப்பது. ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது. கையுறை போட்டால் துணுக்கு விரலுக்குத் தெரியாது. அதனால் வெறுங்கை. வளையல், பூ, நகப்பூச்சு, மருதாணி எதுவும் கூடாது. வாசலில் கையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

செல்வி வீட்டுக்குப் போனேன். ஷெட்டிலேயே வேகமான கை அவளுடையது. மகள் புதுக்கோட்டையில் நர்சிங் படிப்பது அந்தக் கையால்தான். திறக்கிற செய்தியைச் சொன்னேன். சிரிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மருதாணி. கருஞ்சிவப்பு.

போன வியாழக்கிழமை அவள் தங்கை கல்யாணம். "கம்பெனிதான் இல்லையே, வாங்கடின்னு நாந்தாண்ணே எல்லாரையும் இழுத்து உக்கார வச்சு வச்சுவிட்டேன்."

"எல்லாரும்னா?"

"ஷெட்டுல மேசைக்கு மேசை. ஒருத்தி பாக்கியில்ல."

16, ஞாயிறு

தூறல். வீட்டில் நண்டுக் குழம்பு. ஷெட் மூடியதிலிருந்து நண்டு மலிவு, ஊரே தின்கிறது. நாட்டுப்படகுக்காரர்களுக்குத்தான் அடி. ஷெட் திறந்தால் விலை ஏறி எனக்கு எட்டாது. வருத்தப்பட உரிமை இல்லை. இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன்.

மதியம் கட்டுமாவடி. குழாயடியில் ஷெட் பெண்கள். எலுமிச்சை, உப்பு, பற்பசை, தேங்காய் நார்.

"ஏய் செல்வி, ஒன் தங்கச்சிக்கு மொய்யும் வச்சு, பொழப்பையும் வச்சுட்டோம்டி."

"இன்னும் கொஞ்சம் வைடி, செவக்கலைன்னு கையை நீட்டுனது யாருடி?"

சிரிப்பு. செல்வி மட்டும் தேய்ப்பதை விடவில்லை. தோல் உரிந்துவிடப்போகிறது என்றேன்.

"உரிஞ்சா புண்ணுன்னு வெளிய நிறுத்திருவாங்க." நாரைக் கீழே போட்டாள்.

எங்கோ இருக்கிறவன் நினைத்தால் மூடுகிற வேலை. இது வேண்டுமா என்று செல்வியிடம் கேட்டேன்.

"நடவு வேலை மட்டும் நம்ம கையிலயா இருந்துச்சு? மழை கையில. இங்கன சம்பளம் என் பேருல பேங்குக்கு வருது. எம்புருசன் என்னையக் கேட்டுத்தாண்ணே வாங்கணும்." கையை அலசிக்கொண்டே: "ஆனா மூடுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

இதை அப்படியே எழுத வேண்டும். பத்திரிகை ஆபீசில் திருத்த விடக்கூடாது.

17, திங்கள்

வெயில். காலையிலேயே ஷெட் வாசலில். நண்டு அவித்து ஐஸில் தயார். பெண்கள் வரிசையில், கைகள் முந்தானைக்குள். பரிமளா வந்தார். முதல் ஆள் செல்வி.

"கை."

நீட்டினாள். அடுத்தவள். அதற்கடுத்தவள்.

"அடிப்பாவிகளா, ஒருத்தியாவது தப்பிச்சிருப்பீங்கன்னு நெனச்சேனே!"

"நீங்களும்தான மேடம் கல்யாணத்துக்கு வந்தீங்க?" பின்னாலிருந்து யாரோ.

அப்போதுதான் கவனித்தேன். பரிமளாவின் கைகள் வெள்ளைக் கோட்டுப் பைக்குள். வெளியே எடுக்கவே இல்லை.

செல்வி என் பக்கம் சாய்ந்து, "அவங்களுக்கும் நாந்தாண்ணே வச்சுவிட்டேன்."

பரிமளா திரும்பி நின்று கம்பெனியின் தூத்துக்குடி ஆபீசுக்குப் போன் போட்டார். காதில் விழுந்தது: "நிறம் எறங்கல சார். நேத்து நானே சதையை உதுத்து வெள்ளைத் துணியில வச்சுப் பாத்துட்டேன்... துளிகூட ஒட்டல... ஆமா சார். என் கைதான் சார்."

போனை வைத்துவிட்டு வரிசைப் பக்கம் திரும்பினார். கைகள் இப்போது கோட்டுப் பைக்குள் இல்லை. நல்ல சிவப்பு.

ஆபீஸ் ஜப்பான்காரரிடம் கேட்கும். அவர் முடியாது என்றால் சாம்பிள் வேறு ஊர் ஷெட்டுக்குப் போய்விடும்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள், பரிமளாவும் சேர்த்து, கைகளை மடியில் மல்லாத்தி வைத்தபடி.

நிலுவை: ஜப்பான் பதில். நாளைக் காலை, கேட் திறக்கும் முன் வந்தாக வேண்டும். ஐஸில் இருக்கும் நண்டு நாளை மதியம் வரை தாங்கும்.