எட்டிக்கு ஒரு மடி

மே 4
அண்ணனைப் பயமுறுத்த மாடிப்படியில் ஒளிந்திருந்து, நானே உருண்டு விழுந்ததற்குப் பரிசு: கணுக்காலில் கட்டு, இரண்டு வாரம் ஓய்வு. துணைக்கு மூன்று பூனைக்குட்டிகள். தெருவில் கிடந்த குட்டிகளைத் தூக்கி வந்து வீடு தேடிக்கொடுக்கும் பூனையக்கா, அதுவரை பார்த்துக்கொள்ளச் சொல்லி என் அறையில் விட்டுப்போனார். "எலும்புக்கு ஓய்வு, வாலுக்கு வேலை" என்றாள் அம்மா.

பேர் வைத்தாயிற்று. சேட்டை செய்பவன் சுட்டி. தூங்கி வழிபவன் வெட்டி. கட்டிலுக்கடியிலிருந்து சீறுபவன் எட்டி – எட்டியே இருப்பதால்.

மே 7
சுட்டிக்கும் வெட்டிக்கும் வீடு கிடைத்துவிட்டது. எட்டி சீறிய சீறலில் வந்தவர்கள் கதவோடு ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் சாயங்காலம் அவனே வந்து என் கட்டுப்போட்ட காலில் ஏறித் தூங்கினான்! இனி கிட்டி என்று மாற்ற வேண்டுமோ?

மே 8
பூனையக்கா வந்தார். எட்டி கட்டிலுக்கடியில்.

"உன்கிட்ட மட்டும் வந்தா போதாதும்மா. ஞாயித்துக்கிழமை ஒரு நர்ஸ் பார்க்க வராங்க. அதுக்குள்ள வேற யார் மடியிலயாவது உட்கார்ந்து பழகணும். இல்லைன்னா திரும்ப என் வீட்டுக் கூண்டுதான்."

"நாங்களே வெச்சுக்கறோம்."

"உங்க அண்ணன் தும்மியே வீட்டை இடிச்சிடுவான்" என்றாள் அம்மா. பூனை முடி பட்டால் அவனுக்கு மூக்கு ஒழுகும், கண் வீங்கும். என் அறைக் கதவு சாத்தியே இருப்பது அதனால்தான்.

ஆக, நான் இல்லாமல் இருக்க எட்டியைப் பழக்குவதுதான் என் வேலையா? ஒண்ணும் புரியல.

மே 9
ஆள் பிடிக்கும் படலம். கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன்.

"போன தடவை உன் நாற்காலில உட்கார்ந்து பேன்ட் பூரா பசை. ஆளை விடும்மா!"

தோழிக்குப் போன் செய்தேன். "பூனைக்குட்டியா, ரப்பர் பாம்பா?" வைத்துவிட்டாள்.

பொய் சொன்னபோதெல்லாம் ஓடோடி வந்தவர்கள், நிஜத்தைச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார்கள்.

மே 10
ஒருத்தரும் வரல.

மே 11
கதவு திறந்தது. அண்ணன். மூக்கில் துணிக் கிளிப்.

"என்ன, பழிவாங்க வந்தியா?"

"வாயை மூடிட்டுத் தள்ளி உட்காரு, வாலு."

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். எட்டி சீறினான். அண்ணன் அசையவில்லை. கண் சிவந்து நீர் வழிந்தது. துடைக்கக்கூட கையைத் தூக்கவில்லை. வெகுநேரம் கழித்து எட்டி வந்தான். முகர்ந்தான். மடியில் சுருண்டான்.

சந்தோஷத்தில் குதிக்கத்தானே வேண்டும்? எனக்கு ஏன் அழுகை வருது? எட்டி மேல கோபமா? அண்ணன் மேலயா? இவன் எதுக்கு இதெல்லாம் பண்றான் – நான் அவனைக் கேட்கவே இல்லையே. அவன் தலையில் மாவு கொட்டியிருக்கிறேன். ஷூவில் பிளாஸ்டிக் கரப்பான் போட்டிருக்கிறேன். எங்கேயோ ஒரு பொறி வைத்திருக்கிறான். தலையணையை உதறிவிட்டுத்தான் படுத்தேன்.

மே 13, ஞாயிறு
நர்ஸ் வந்தார். எட்டி கட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவர் மடிக்குப் போனான்.

கூடைக்குள் போனபிறகு கத்துவான் என்று காத்திருந்தேன். படி இறங்கும்வரை ஒரு சத்தமும் இல்லை.

நல்லாத்தான் பழக்கியிருக்கேன்.

மே 15
அண்ணன் "சாப்பிட்டியா?" என்று கேட்டான். அதுவும் அன்பாக. பயமாக இருக்கிறது.

மே 18
கட்டை அவிழ்த்துவிட்டார்கள். வெளியே கிளம்ப ஷூவில் காலை விட்டேன். ஏதோ குறுகுறுத்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

என் பிளாஸ்டிக் கரப்பான். அதன் மூஞ்சியில் துணிக் கிளிப்.

கதவுக்குப் பின்னால் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாடா.

கரப்பானை அவன் மேலேயே வீசினேன். கிளிப்பை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.