பாட்டுக்கு முன்னால் ஒரு வயரைக் கழற்றுங்கள்

அத்தான்,

அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று ஆள் வந்து சொன்னார். உசிலம்பட்டி போகிறேன். மீன் குழம்பு சட்டியில் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டுப் பிலோமினாள் அக்காவிடம்.

நேற்றுப் பேச முடியாததை எழுதுகிறேன். கேபிள் வயரையும் ஆன்டெனா வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, "ரெண்டு மாட்டைப் பூட்டுனா வண்டி இன்னும் வேகமாப் போகும்ல மாப்ள" என்று கிறிஸ்துராஜ் அண்ணனிடம் சொன்னீர்கள். இதில் அப்படி ஆகாது. தூர்தர்ஷன் கேபிளிலும் வருகிறது; அதனால் ஒரே படம் இரண்டு வயரிலும் துளி முன்பின்னாக வந்து சேர்கிறது. அதனால்தான் ஒரு முகம் இரண்டாகத் தெரிகிறது. ஆன்டெனாவைத் திருப்பிப் பயனில்லை.

உங்கள் தங்கை தெரசா பாடியது இன்று சாயங்காலம் தூர்தர்ஷனில் வருகிறது. ஒரே தடவைதான். டீச்சர்களையெல்லாம் நம் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்கு முன்னால் கேபிள் வயரைக் கழற்றிவிடுங்கள். ஆன்டெனா மட்டும் போதும். ராத்திரி சினிமாவுக்கு மாற்றிச் செருகிக்கொள்ளலாம்.

நானே கழற்றலாம் என்று டி.வி. பக்கத்தில் போய் நின்றேன். "பி.எஸ்சி. படிச்சவ சோத்தைப் பாரு, வயரை நான் பாத்துக்கிறேன்" என்று நேற்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்களே. கை போகவில்லை.

கோபம் இல்லை.

அத்தை கேட்டால் நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள். இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ரோசலின்

அம்மா தெருவில் யார் வீட்டிலும் டி.வி. கிடையாது. நீங்கள் கழற்றினீர்களா என்று தெரியாமலேதான் அந்த நேரம் அங்கே உட்கார்ந்திருப்பேன்.